கமழ்கல்: தைலம் குடித்து மணக்கும் கல்லுக்கு ஒரு பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜிப்சத்திலோ சுட்ட மண்ணிலோ செய்த, தைலம் சொட்டினால் உறிஞ்சி அறையை மணக்க வைக்கும் கல்லுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் பேச்சு நடக்கிறதே, அதற்கு என் பதில் இது. டிஃப்யூசருக்கு 'நறுமணப் பரப்பி' பொதுச்சொல்லாக இருக்கட்டும். மின்சாரத்தில் நீர்ப்புகை விடுவதும் பரப்பிதான், போத்தலில் குச்சி செருகி வைப்பதும் பரப்பிதான். நாம் பெயர் தேடுவது நெருப்பு, தண்ணீர், கரண்ட் எதுவும் வேண்டாத அந்தக் கல்லுக்கு.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. ஜிப்சத்தில் வார்த்தது, உள்ளங்கை அகலம். ஆனி, ஆடிச் சாரலில் துணி காயாமல் அறையே ஈரவாடை அடிக்கும்போது அதில் மூன்று சொட்டு கிராம்புத் தைலம் விடுவேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எனக்கு அந்தத் தைலத்தின் மேல் தனிப் பிரியம். சொட்டு உருண்டு நிற்காது. விழுந்த இடத்தில் காசளவு கறை படர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கிவிடும். நுண்துளைகள் குடித்தது அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். மறுநாள் காலையில் கதவைத் திறந்தாலும் மணக்கும்.

'மணக்கல்' என்று ஒருவர் முன்வைத்திருந்தார். எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் மணற்கல் என்றே காதில் விழுகிறது. மணற்கல்லும் நுண்துளை உள்ளதுதான் என்பதால் குழப்பம் கூடும்.

என் பரிந்துரை: கமழ்கல். கமழ்ந்த கல், கமழ்கின்ற கல், கமழும் கல் என மூன்று காலமும் அடங்கிய வினைத்தொகை. உரைகல்லில் உரைப்பது நாம், இங்கே கல்லே கமழ்கிறதே என்று கேட்கலாம். எரிமலையில் எரிவது மலைதானே! ஜிப்சமும் சுட்ட மண்ணும் கல்லா என்றால், செங்கல் சுட்ட மண்தான். தோசைக்கல் இரும்பான பிறகும் கல்தான்.

கமழ்தல் பேச்சில் இல்லை என்பது சரியான மறுப்பு. தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ 'மணக்கு' என்றுதான் சொல்வார்கள். ஆனால் 'மணம் கமழும்' என்றால் புரியாதவர் அங்கே இல்லை. போன வாரம் அம்மாவிடம், "கமழ்கல்லுல ரெண்டு சொட்டு விடுங்கம்மா" என்றேன். எதுவும் கேட்காமல் போய் விட்டுவிட்டு வந்தார்கள்.

இன்னொன்று. எசென்ஷியல் ஆயிலை 'அத்தியாவசிய எண்ணெய்' என்று எழுத வேண்டாம். அந்தப் பெயர் எசென்ஸிலிருந்து வந்தது, தேவையிலிருந்து அல்ல. தைலம் என்றே எழுதுவோம்.