செட்டியார் தெருப் பலகையை வைத்து எங்கள் பெயருக்கு வரலாறு எழுதாதீர்கள்

கொட்டாஞ்சேனையான்:
“கொழும்பில் செட்டி என்ற பெயரோடு இருக்கும் குடும்பங்கள் எல்லாம் செட்டிநாட்டிலிருந்து வட்டிக்குக் கொடுக்க வந்தவர்களின் வாரிசுகள்தான். நம்பாதவர்கள் புறக்கோட்டைக்குப் போய்ச் செட்டியார் தெருவின் பெயர்ப்பலகையைப் பாருங்கள்.” தங்க விலை பற்றிய இழையில் ‘கதிரேசன் வாசல்’ என்பவர் போகிற போக்கில் எழுதிய வரி இது. பலர் அதற்குத் தலையாட்டியும் இருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் இந்தத் தனி இழை.

ஐயா, எங்கள் வீட்டுப் பழைய ஞானஸ்நானச் சீட்டுகளில் பெயருக்குப் பின்னால் ‘செட்டி’ என்றுதான் இருக்கிறது. ‘யார்’ கிடையாது. எங்கள் பரம்பரையில் ஒருவரும் வட்டிக்கடை வைத்ததில்லை. கொழும்புச் செட்டிகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலேயே இங்கே வேரூன்றி, கத்தோலிக்கர்களாகவும் புரட்டஸ்தாந்துகளாகவும் மாறிவிட்டவர்கள். செட்டிநாட்டு நாட்டுக்கோட்டையார், அதாவது நகரத்தார், இங்கே கிட்டங்கி (கடன் கொடுக்கும் கடைகள் இயங்கும் கூடம்) போட்டது ஆங்கிலேயர் காலத்தில். சைமன் காசிச்செட்டி பிறந்தது 1807இல். 1834இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் விவரிக்கும் கசற்றியர் நூலை எழுதினார், பின்னர் சட்டசபையிலும் இருந்தார். அவர் எந்த வட்டிக்கடைக்காரரின் வாரிசு? சொல்லுங்கள், கேட்கிறேன்.

கதிரேசன் வாசல்:
வயிறு எரிந்தால் மோர் குடியுங்கள் ஐயா. நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றப் போவதில்லை. பலகையில் என்ன இருக்கிறது? ‘செட்டியார் தெரு’. செட்டி தெரு அல்ல. தமிழில் அந்த ‘யார்’ மரியாதைக்கு வருவது. அந்த மரியாதையை வாங்கியவர்கள் கோவில் கட்டி, கடன் கொடுத்து, சொன்ன நாளில் சொன்ன தொகையைக் கையில் வைத்த நகரத்தார். என் பாட்டனார் அந்தத் தெருவில் ஒரு கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்ந்தவர். மேசை கிடையாது, நாற்காலி கிடையாது. பாயில் சம்மணமிட்டு, முன்னால் சாய்வான மரப்பெட்டி, அதன் மேல் பேரேடு. எழுதி முடித்து, காசுக்குக் காசு சரி வந்த பிறகுதான் இரவுச் சாப்பாடு. அந்த மனிதர்களின் பெயரில்தான் தெரு இருக்கிறது.

காசிச்செட்டி பிறந்தது கற்பிட்டியில். நாம் பேசுவது கொழும்பைப் பற்றி.

கொட்டாஞ்சேனையான்:
கற்பிட்டி என்ன கண்காணாத தேசமா? பதிலில்லை என்றவுடன் ஊரைப் பிரிக்கிறீர்கள். சரி, கொழும்புக்கே வருகிறேன். 1659இல் தஞ்சாவூரிலிருந்து ஒல்லாந்த ஆளுநரின் மனைவிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர் ஒண்டாட்ஜி குடும்பத்தின் மூதாதை. அந்த வழியில் 1758இல் கொழும்பில் பிறந்த குவிண்ட் ஒண்டாட்ஜி ஒல்லாந்து தேசத்துக்கே போய் அரசியல் கிளர்ச்சியில் முன்னணியில் நின்றார். கொழும்புச் செட்டிக் குடும்பம் என்று எல்லோரும் சொல்லும் குடும்பம் அது. 1659! உங்கள் மரப்பெட்டி அப்போது எந்தக் காட்டில் மரமாக நின்றது?

இன்னொன்று. அதே தெருவின் சிங்களப் பெயரைப் பாருங்கள். ‘ஹெட்டி வீதிய’. அதில் எங்கே உங்கள் ‘யார்’?

கதிரேசன் வாசல்:
வைத்தியரைக் கொண்டுவந்து வணிகப் பெயருக்குச் சாட்சியாக நிறுத்துகிறீர்கள். தராசு பிடிக்காதவர் எப்படிச் செட்டி ஆனார்? இதிலிருந்தே உங்கள் வாதத்தின் இலட்சணம் தெரிகிறது.

சிங்களத்தில் ‘யார்’ சேர்க்க வழியில்லை, அதனால் சேர்க்கவில்லை. தமிழ்ப் பலகைதான் மூலம். தமிழ்ப் பலகையில் ‘யார்’ இருக்கிறது.

மருதானை டீச்சர்:
இரண்டு பேரும் சற்று மூச்சு விடுங்கள். நான் பல வருடங்கள் மும்மொழி மாணவர்கள் படிக்கும் வகுப்புகளில் இடாப்பு கூப்பிட்டவள். ஹெட்டியாராச்சி இல்லாத வகுப்பு ஒன்றை நான் பார்த்ததில்லை. ஹெட்டிகே, ஹெட்டியாராச்சிகே என்று வாசகம பெயர்களும், அதாவது சிங்களவரின் பரம்பரைப் பெயர்களும் உண்டு. ஆராச்சி என்பது போர்த்துக்கேயர் காலத்து லஸ்கரின் என்ற உள்ளூர் வீரர் படையில் ஒரு பதவி, பிறகு ஊர்த் தலைமைக்காரருக்கும் ஆன பெயர். அப்படியென்றால் ஹெட்டி வழிவந்த ஒருவர் ஆராச்சிப் பதவி பெறும் அளவுக்குச் சிங்கள ஊர்களில் கலந்துவிட்டார் என்று பொருள். தொழிற்பெயர் ஒன்று மொழி தாண்டி, மதம் தாண்டி, தொழிலையும் கைவிட்டு வயலுக்குள் இறங்கிவிட்டது. பேச வேண்டிய விடயம் இது. நீங்கள் பலகையில் தொங்குகிறீர்கள்.

ஒரு கேள்வி வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாளியில் ‘செட்டி’ உண்டு, புத்தர் கதையில் வரும் அநாதபிண்டிகர் ஒரு பெரும் செட்டி, எனவே ஹெட்டி நேராகப் பாளியிலிருந்தே வந்திருக்கலாம் என்பார்கள். அந்தப் பாளிச் சொல் சிங்களத்தில் ஏற்கெனவே ‘சிடு’ ஆகிவிட்டது. பன்சலைக்கு (பௌத்த விகாரைக்கு) போகும் எந்தப் பிள்ளையும் அவரை அனேபிண்டு சிடுதுமா என்றுதான் சொல்லும், ஹெட்டி என்று சொல்லாது. ‘ஹெட்டி’ வேறு வழியாக, தமிழ் வாயிலிருந்து, கடைத்தெரு வழியாக வந்த வடிவம்.

கொட்டாஞ்சேனையான்:
டீச்சர், நன்றி. நான் சொன்னதையே நீங்கள் சான்றோடு சொல்லிவிட்டீர்கள். போர்த்துக்கேயர் காலம்! நகரத்தாருக்கு முன்பே!

மருதானை டீச்சர்:
நான் உங்களுக்காகச் சொல்லவில்லை.

வெள்ளவத்தைத் தமிழன்:
பாளி, சமஸ்கிருதம் என்று ஏன் அலைகிறீர்கள்? செட்டு என்றால் சிக்கனம், செட்டு என்றால் வாணிகம். செட்டு உடையவன் செட்டி. தமிழனின் பெயரைத் தமிழிலேயே விளக்க முடியும்போது ‘சிரேஷ்டி’ என்ற வடசொல்லிடம் பிச்சைக்குப் போவது அடிமைப் புத்தி. மணிமேகலையில் ‘எட்டி குமரன்’ வருகிறான். வணிகருக்கு அரசன் கொடுத்த பட்டம் எட்டி. அதுதான் செட்டி ஆனது.

மருதானை டீச்சர்:
தம்பி, செட்டிலிருந்து வந்ததா, எட்டியிலிருந்து வந்ததா? ஒரே பதிவில் ஒரு பெயருக்கு இரண்டு தாயைக் காட்டுகிறீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அதைச் ‘சிரேஷ்டி’ வழியாகவே காட்டுகிறது. வடக்கே சேட், துளு நாட்டில் ஷெட்டி, ஆந்திராவில் செட்டி என்று நாடு முழுவதும் ஒரே பெயர் உலவுவதற்குச் செட்டு மட்டும் காரணமாக முடியாது.

வெள்ளவத்தைத் தமிழன்:
அகராதி போட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். தமிழைத் தாழ்த்துவதற்கென்றே சிலர் ஆசிரியத் தொழிலுக்கு வருகிறார்கள்.

மருதானை டீச்சர்:
என் தொழிலைப் பற்றிப் பேச உங்களுக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஷெட்டி என்ற பெயர் மங்களூர்ப் பக்கம் நிலவுடைமையாளரான பண்ட் சமூகத்தாரிடம் பெரும்பாலும் இருக்கிறது. அவர்கள் நெல் விளைவித்தவர்கள். தமிழ்நாட்டில் நெசவு செய்த தேவாங்கரும் செட்டியார், எண்ணெய் ஆட்டிய வாணியரும் செட்டியார். பெயர் ஒன்று, பிழைப்பு வேறு. இதற்குச் செட்டை வைத்து விளக்கம் சொல்லிவிட்டு என் தொழிலுக்கு வாருங்கள்.

புதுக்கடை நானா:
நான் இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ‘யார்’ இருந்தால் நகரத்தார் என்கிறார் கதிரேசன் வாசல். எங்கள் மரிக்கார் குடும்பத்திலும் ஈற்றில் ‘ஆர்’ இருக்கிறது. நாங்களும் செட்டிநாடா? மரக்கலம் ஓட்டியவர்கள் மரக்காயர், மரிக்கார். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படையை நடத்திய குஞ்ஞாலி மரக்காரைப் போர்த்துக்கேயர் 1600இல் கோவாவில் கொன்றார்கள். எங்கள் பெயரும் தொழிற்பெயர்தான். அதைப் பற்றி ஒருவரும் இழை தொடங்குவதில்லை. கொழும்பு வணிகம் என்றாலே செட்டி மட்டும்தான் என்பது போல் பேசுகிறீர்கள்.

கதிரேசன் வாசல்:
நானா, நான் ‘யார்’ என்றேன், ‘ஆர்’ என்று சொல்லவில்லை. கவனித்து வாசியுங்கள்.

புதுக்கடை நானா:
யகரம் உடம்படுமெய். செட்டி கூட்டல் ஆர். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே.

கொட்டாஞ்சேனையான்:
சரியாகச் சொன்னீர்கள் நானா! ‘யார்’ என்பதே இல்லை!

மலாக்காவைப் பாருங்கள். அங்கே மலாய் பேசிக்கொண்டு மாரியம்மனைக் கும்பிடும் மலாக்காச் செட்டிகள் இருக்கிறார்கள். சுல்தான்கள் காலத்திலிருந்தே அங்கே வாழ்பவர்கள். ஒல்லாந்தர் கொடுத்த நிலத்தில் 1781இல் பிள்ளையார் கோவில் எழுப்பியவர்கள். நாட்டுக்கோட்டையார் பிறகு வந்தார்கள். அங்கேயும் இரண்டு கூட்டம், இங்கேயும் இரண்டு கூட்டம். முதலில் வந்தவர் செட்டி, பின்னால் வந்தவர் செட்டியார். 2001 குடிசன மதிப்பில் எங்களை ‘இலங்கைச் செட்டி’ என்று தனி இனமாகவே கணக்கெடுத்தார்கள். அரசாங்கத்துக்குப் புரிந்தது கதிரேசன் வாசலுக்குப் புரியவில்லை. எங்கள் ஜிந்துப்பிட்டி தோமையார் தேவாலயத்துக்கு வந்து கல்லறைகளில் பெயர்களை வாசித்துவிட்டுப் பேசட்டும்.

கதிரேசன் வாசல்:
கல்லறையில் ‘யார்’ போடும் பழக்கம் இல்லாததால் தெருவில் ‘யார்’ இல்லாமல் போய்விடாது. தினமும் பத்திரிகையில் ‘செட்டியார் தெரு தங்க விலை நிலவரம்’ என்று போடுகிறார்கள். உங்கள் பெயரில் ஒரு பவுணுக்கு விலை வருகிறதா?

முருகனின் ஆடிவேல் விழாத் தேர் எந்தத் தெருவில் இருந்து புறப்படுகிறது? அந்தக் கதிரேசன் கோவில்களைக் கட்டியது யார்? காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் விட்டவர்கள் என்று எங்கள் மரபு சொல்கிறது. ஒன்பது கோவில், கோவிலுக்கு இத்தனை புள்ளி, அதாவது குடும்பம், என்று கணக்கு வைத்திருப்பவர்கள் நாங்கள். நேற்று முளைத்தவர்கள் போல எங்களைப் பேச வேண்டாம்.

நீர்கொழும்பு வாசி:
கணக்கு வைத்தீர்கள், உண்மைதான். என் பூட்டனாரின் தென்னந்தோட்டமும் அந்தக் கணக்கில்தான் போனது. வட்டிக்கு வட்டி. ‘ஆதாயம் இல்லாமல் செட்டி ஆற்றோடு போவானா’ என்று பழமொழி சும்மாவா வந்தது?

கதிரேசன் வாசல்:
வந்துவிட்டது பழமொழி. ‘கெட்டாலும் செட்டி செட்டியே’ என்றும் ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் பூட்டனார் கேட்டபோது வெள்ளைக்கார வங்கி ஒரு சதம் கொடுத்திருக்குமா? உள்ளூர்க்காரனை அந்த வங்கிகள் வாசலிலேயே நிறுத்தின. செட்டியார் தம் பெயரில் வங்கியில் கடன் வாங்கி, அந்தப் பணத்தைத்தான் ஊருக்குக் கொடுத்தார். பொருளாதாரம் விழுந்தபோது வங்கி அவர் கழுத்தைப் பிடித்தது, அவர் தோட்டத்தைப் பிடித்தார். இலங்கை வங்கி ஆணைக்குழு 1934இல் இதையெல்லாம் விசாரித்தது. அதற்குப் பிறகு 1939இல்தான் இலங்கை வங்கியே வந்தது. அதுவரை இந்த நாட்டுச் சிறு வியாபாரிக்கு முதல் கொடுத்தவர் யார்? 1948இல் இந்திய வம்சாவளியினரை வெளியே நிறுத்திய குடியுரிமைச் சட்டம் வந்து, பலர் பேரேட்டைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். நன்றி சொல்ல ஒருவரும் துறைமுகத்துக்கு வரவில்லை.

நீர்கொழும்பு வாசி:
தோட்டத்தைத் திருப்பித் தந்திருந்தால் வந்திருப்போம்.

வெள்ளவத்தைத் தமிழன்:
எல்லோரும் வெள்ளைக்காரன் காலத்தையே சுற்றுகிறீர்கள். வாகல்கட, பதவியாப் பக்கம் ஐந்நூற்றுவர் வணிகக் கணத்தின் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. காலியில் சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹ வைத்த 1409ஆம் ஆண்டுக் கல், சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறிக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. இந்தத் தீவின் கடல் வணிகத்துக்குத் தமிழ்தான் மொழி என்று சீனனுக்கே தெரிந்திருந்தது. ஆகவே செட்டு, செட்டி. முடிந்தது.

மருதானை டீச்சர்:
அந்தக் கல்லில் செட்டு எங்கே இருக்கிறது?

கொட்டாஞ்சேனையான்:
1409! நகரத்தார் கொழும்பில் கிட்டங்கி போடுவதற்கு எத்தனை தலைமுறை முன்னால் என்று கணக்குப் போடுங்கள். ஐந்நூற்றுவர் அதற்கும் முன்னால். திரும்பவும் சொல்கிறேன், எங்கள் சீட்டில் ‘செட்டி’, காசிச்செட்டி ‘செட்டி’, சிங்களத் தெருப் பெயரில் ‘ஹெட்டி’, ஹெட்டியாராச்சியில் ‘ஹெட்டி’. நான்கு இடத்திலும் ‘யார்’ கிடையாது.

கதிரேசன் வாசல்:
ஹெட்டியாராச்சி என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் ‘யார்’ கேட்கிறது.

மருதானை டீச்சர்:
அது ஆராச்சியின் ‘ஆ’! மேலே எழுதினேனே, யாராவது வாசித்தீர்களா?

கதிரேசன் வாசல்:
எனக்குக் கேட்கிறது.

புதுக்கடை நானா:
மரிக்கார் பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கொட்டாஞ்சேனையான்:
நானா, அதற்குத் தனி இழை போடுங்கள், நான் வந்து எழுதுகிறேன். இது செட்டி இழை. நீர்கொழும்பு வாசி, உங்கள் தோட்டம் போனதற்கு எங்கள் சமூகத்தை இழுக்காதீர்கள். அதை வாங்கியவர் செட்டியார், செட்டி அல்ல. இந்த ஒரு வேறுபாட்டைப் புரியவைக்கத்தான் இவ்வளவு எழுதுகிறேன். கதிரேசன் வாசல் 1659க்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்பதையும் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

கதிரேசன் வாசல்:
சொல்லிவிட்டேன். அவர் வைத்தியர். தராசு பிடித்த ஒருவரைக் கொண்டுவாருங்கள், பேசுவோம்.

நீர்கொழும்பு வாசி:
செட்டியோ செட்டியாரோ, பத்திரம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கையெழுத்து யாருடையது என்று பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.

கொட்டாஞ்சேனையான்:
அந்தக் கையெழுத்தின் ஈற்றில் ‘யார்’ இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் இங்கே எழுதுங்கள்.