மறு: பிக்ஸருக்குத் தமிழில் ‘தெளிவாக்கி’

வணக்கம்.

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவப் பழகுபவர்களுக்கான கையேட்டுக்கு இதுவரை வந்த சொற்கள்: டெவலப்பர் – உருத்துலக்கி, ஸ்டாப் பாத் – நிறுத்தி, பிக்ஸர் – நிலைநிறுத்தி. முதல் இரண்டும் எனக்குச் சரி. ஒளி பட்ட வெள்ளி உப்புப் படிகங்களை வெள்ளியாக மாற்றி, கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த உருவத்தை வெளியே கொண்டுவருகிறது முதலாவது. காரத்தன்மையுள்ள அந்தக் கரைசலின் வேலையை அமிலத்தால் சட்டென்று நிறுத்துகிறது இரண்டாவது. மூன்றாவதைத்தான் மாற்ற வேண்டும்.

நிலைநிறுத்தி என்றதும் புதிதாக வருபவர் உருவத்தின்மேல் ஏதோ பூசிக் கெட்டியாக்குகிறோம் என்றுதான் நினைப்பார். நடப்பது வேறு. ஒளி படாமல் மிஞ்சிய வெள்ளி உப்பைப் பிக்ஸரில் உள்ள தயோசல்பேட் என்ற வேதிப்பொருள் கரைத்து எடுத்துவிடுகிறது, அந்த வெள்ளி உப்பு பிலிமிலேயே தங்கினால் பின்னால் வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போகும். ஹைப்போ என்ற தயோசல்பேட் வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டுவிட்டார், ஒளிப்படத்துக்கு அது பயன்பட்டது 1839இல்தான். அப்புறம், நிறுத்தி, நிலைநிறுத்தி என்று இரண்டு பாட்டிலில் எழுதி ஒட்டிவைத்தால் அவசரத்தில் ஒன்றை மற்றதில் திருப்பி ஊற்றிவிடுவார்கள்.

ஹைப்போ என்றே விடலாம் என்றார் ஒரு நண்பர். ஸ்டூடியோக்காரர்களின் சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஹைப்போ சோடியம் தயோசல்பேட். இன்று கிடைக்கும் வேகமான பிக்ஸர்களில் இருப்பது அம்மோனியம் தயோசல்பேட். கரைப்பான் என்றும் வைக்க முடியாது, அதை வேதியியல் ஏற்கெனவே சால்வென்ட் என்ற வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டது.

என் பரிந்துரை தெளிவாக்கி. கேமராவில் ஏற்றும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் ஒரு துண்டு வெட்டி, அதன்மேல் ஒரு சொட்டு பிக்ஸர் வைத்து, அரை நிமிடம் கழித்துத் துண்டு முழுவதையும் அதே கரைசலில் போட்டுப் பாருங்கள். பால்போல் மங்கிய துண்டில் சொட்டு பட்ட வட்டம் மட்டும் முதலில் தெளியும், பிறகு சுற்றிலும் தெளிந்து வட்டம் தெரியாமல் போகும். துண்டைக் கரைசலில் போட்டதிலிருந்து அதுவரை ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் பிலிம் ஊற வேண்டும். வட்டம் மறைய ஆகும் நேரத்தைத் தெளியும் நேரம் என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது, புதுக் கரைசலில் ஆனதைவிட அது இரட்டிப்பானால் கரைசலை மாற்ற வேண்டும் என்பதும் எளிதாக நினைவில் நிற்கும்.

துலக்குவதும் தெளிவாக்குவதும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் உருத்துலக்கியைத் துலக்கி என்று சுருக்கக் கூடாது என்கிறேன். அங்கே துலங்குவது உரு, இங்கே தெளிவது பிலிம்.

‘கழுவுதல்’ பேச்சில் மொத்த வேலைக்கும் இருக்கட்டும், கையேட்டில் கடைசியாகத் தண்ணீரில் அலசுவதற்கு மட்டும் வைப்போம். இல்போர்டின் எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை பிலிமுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்: “நீர் சேர்க்காத ஐடி-11 உருத்துலக்கியில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம், பிறகு நிறுத்தியில், பிறகு தெளியும் நேரத்தைப்போல் இரு மடங்கு தெளிவாக்கியில், கடைசியில் கழுவுக.” எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.