கலைச்சொல் வேண்டும்: துறைவிட்டுத் துறை போய் மாறும் கருத்து

தருமபுரியிலிருந்து:

அன்புடையீர், முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு நெறிமுறைப் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன், திங்கட்கிழமை வகுப்பு. ஒரு துறையில் பிறந்த கருத்து வேறு துறைக்குப் போய், அங்கே வேறாக வளர்வதற்கு ஒரு சொல் தேவை. பொருளியல் அறிஞர் மால்தஸ் 1798இல் மக்கள்தொகை பற்றி எழுதியதை உயிரியல் அறிஞர் டார்வின் 1838இல் படித்தார். மக்கள் பெருக்கம் பற்றிய கவலை அவர் கையில் இயற்கைத் தேர்வாயிற்று. 'கருத்துப் பரவல்' என்று எழுதிவைத்தேன். கணிதம் படித்துவிட்டு வந்த மாணவி, "பரவல்னா ஈருறுப்புப் பரவல், இயல்நிலைப் பரவல்தானே சார்?" என்று கேட்டார். புள்ளியியலில் டிஸ்ட்ரிபியூஷனுக்குப் பரவல் என்றுதான் பெயர். நியாயமான கேள்வி. உதவுங்கள்.

ஓசூரிலிருந்து:

பரவலே இருக்கட்டும் சார். நோய்ப் பரவல் என்று நாளிதழில் வந்தால் யாரும் கணக்கை நினைப்பதில்லை. அமெரிக்காவின் அயோவா உழவர்களிடையே வீரிய மக்காச்சோள விதை பரவிய விதத்தைச் சமூகவியலாளர்கள் ரயானும் குரோஸும் 1943இல் எழுதினார்கள். ரோஜர்ஸ் 1962இல் அதையும் சேர்த்துப் பெரிய கோட்பாடாக்கினார். விதைக்கும் கருத்துக்கும் ஒரே சொல் போதுமே.

அரூரிலிருந்து:

நம்மூர்க் கரும்பு இருக்க அயோவா வரை போவானேன்? அதியமான் முன்னோரை ஔவை "அரும்பெறல் மரபின் கரும்பு இவண் தந்தும்" என்கிறார் (புறநானூறு 99). 'தந்தும்' என்பதைப் பாருங்கள். தருசொல்லும் வருசொல்லும், அதாவது 'தா', 'வா' என்னும் வினைகள், தன்மை, முன்னிலை இடங்களுக்கே உரியவை என்பார் தொல்காப்பியர். பெறுகிற இடத்தில் நின்று பேசும் சொல் அது. கருத்தைப் பெற்ற துறையில் நின்றுதானே நாமும் பேசுகிறோம்? 'இவண்தரவு' எனலாம். அது வேண்டாமென்றால், ஒரு நிலத்துக்குரிய ஒழுக்கம் வேறு நிலத்தில் கலந்து வரும் திணைமயக்கம் போலத் 'துறைமயக்கம்'. திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்ற நூற்பா இதற்கென்றே செய்தது போலிருக்கிறது.

ஓசூரிலிருந்து:

ஐயா, தரவு என்றால் இன்று டேட்டா. மயக்கம் என்றால் பிள்ளைகளுக்குத் தலைசுற்றல்தான் நினைவுக்கு வரும்.

காவேரிப்பட்டினத்திலிருந்து:

தனிமடலில் ஒருவர் 'கருத்தொட்டு' என்றார். எங்கள் வீட்டில் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறோம், அதனால் சொல்கிறேன். நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றின் தண்டைச் சீவி, பெங்களூரா குச்சியை அதில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவோம். பிறகு காய்ப்பது பெங்களூராவேதான், மாறாது. மாறாமல் இருக்கத்தானே ஒட்டுக் கட்டுவதே! கொட்டை போட்டு வந்த மரம்தான் தாயைப் போல இராது. என்ட்ரோபியைப் பாருங்கள். 1865இல் இயற்பியலாளர் கிளாசியஸ் வெப்பவியலில் ஓர் அளவுக்கு வைத்த பெயர். 1948இல் ஷானன் அதைத் தகவல் தொடர்பில் செய்தியை அளக்க எடுத்தாண்டார். வாய்பாடு சாயலில் ஒன்று, அளக்கும் பொருள் வேறு. அது கொட்டைக்கன்று, ஒட்டுக்கன்று அல்ல. ஆகவே ஒட்டு வேண்டாம். பரவலும் வேண்டாம், அதில் போவது இருக்கிறது, மாறுவது இல்லை. 'துறைபெயர்வு' என்று வைக்கலாமா? குடிபெயர்ந்தவர் பேச்சு மாறுகிறது. மொழிபெயர்த்தால் சொல்லின் உருவே மாறுகிறது.

தருமபுரியிலிருந்து:

நால்வர் துறைபெயர்வு என்கிறீர்கள், ஓசூர் நண்பர் இன்னும் பரவலில் நிற்கிறார். பாடத்தில் 'துறைபெயர்வு' என்று போட்டு நகலெடுக்கக் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

அரூரிலிருந்து:

பெயர்வில் கலப்பு இல்லை. மால்தஸ் டார்வினிடம் தனியாகப் போய்ச் சேரவில்லை, அவர் கண்டிருந்த உயிர்களோடு கலந்தார். மயக்கம் என்ற சொல்லைத் தலைசுற்றலுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. தருசொல் பற்றி எழுதியதையும் இதுவரை யாரும் மறுக்கவில்லை.