உதவி: பிளாஸ்க் படிவம் இந்தியரிடமும் பாஸ்போர்ட் கேட்கிறது

லாஸ்பேட்டை_தேவ்:
புதுச்சேரி ஒயிட் டவுனில் தெரிந்தவரின் விருந்தினர் இல்லத்துக்குச் செக்-இன் படிவம் செய்கிறேன். பைத்தானின் வெப் ஃபிரேம்வொர்க் பிளாஸ்க், படிவங்களுக்கு டபிள்யூடிஃபார்ம்ஸ் லைப்ரரி. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்தில் ஏற்ற வேண்டும். அதனால் குடியுரிமை இந்தியா இல்லையென்றால் பாஸ்போர்ட், விசா எண்கள் கட்டாயம். வியூவில் (ரிக்வெஸ்ட்டைக் கையாளும் ஃபங்ஷன்) குடியுரிமையைப் பார்த்து, பாஸ்போர்ட் ஃபீல்டின் வேலிடேட்டர்ஸ் (சோதனை விதிகள்) லிஸ்ட்டில், காலியாக விடக்கூடாது என்னும் டேட்டா ரிக்வயர்டை அப்பெண்ட் செய்கிறேன், அதாவது கடைசியில் சேர்க்கிறேன். லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. சர்வரில் ஒரு பிரெஞ்சுக்காரர் பதிந்த பிறகு, மதுரைக்காரருக்கும் 'பாஸ்போர்ட் எண் தேவை' என்று வருகிறது. அதுவும் சில நேரம்தான். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. கேஷ் (சேமித்து வைத்த பழைய தகவல்) பிரச்சினையா?

வில்லியனூர்_பைத்தான்:
கேஷ் இல்லை. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஃபீல்டு புதிதாக உருவாகும், ஆனால் கிளாஸில் நீங்கள் எழுதிய வேலிடேட்டர் லிஸ்ட்டை அது நகல் எடுக்காது. எல்லா ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரே லிஸ்ட்தான். அப்பெண்ட் செய்தது அந்த ப்ராசஸ் நிற்கும்வரை அதிலேயே கிடக்கும். பைத்தான் வெப் சர்வரான குனிகார்னில் நாலு ஒர்க்கர் (தனித்தனி ப்ராசஸ்) ஓடினால், பிரெஞ்சுக்காரர் போன ஒர்க்கர் மட்டும் கெட்டிருக்கும். மதுரைக்காரர் அதில் மாட்டினால் பிழை, இல்லையென்றால் இல்லை. அப்பெண்ட் வேண்டாம், அந்த ஃபீல்டின் வேலிடேட்டர்ஸுக்குப் புது லிஸ்ட்டை அசைன் செய்யுங்கள். அது அந்த ரிக்வெஸ்ட்டோடு போய்விடும்.

லாஸ்பேட்டை_தேவ்:
பாஸ்போர்ட் சரியாகிவிட்டது அண்ணே. விசாவுக்கு, படிவத்தைச் சோதிக்கும் வேலிடேட் ஃபங்ஷனை அழைக்கும்போது எக்ஸ்ட்ரா வேலிடேட்டர்ஸாக விதியைக் கொடுத்தேன். காலியாக விட்டாலும் தாண்டிவிடுகிறது.

மஞ்சக்குப்பம்_கோடர்:
விசா ஃபீல்டில் ஆப்ஷனல் (காலியாக விடலாம் என்னும் வேலிடேட்டர்) இருக்கிறதா? காலி என்றால் அது அங்கேயே சோதனையை நிறுத்திவிடும். எக்ஸ்ட்ரா வேலிடேட்டர்கள் அதற்குப் பின்னால்தான் ஓடும், அவற்றின் முறை வரவே வராது. ஆப்ஷனலை எடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், இப்படி ஓடும்போது வேலிடேட்டரை மாற்றும் டைனமிக் வழியே இதற்குத் தேவையில்லை. வேலிடேட்டருக்குப் படிவமும் கையில் கிடைக்கும். குடியுரிமையைப் பார்த்து முடிவெடுக்கும் ஒரு ஃபங்ஷனை கிளாஸிலேயே வைத்தால் போதும். இன்னொன்று, உங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் உண்டு. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவர் விசா இல்லாமல் வர உதவுவது) வைத்திருப்பவரிடம் விசா எண் கேட்டால் என்ன எழுதுவார்? அதையும் அந்த ஃபங்ஷனில் சேர்த்துவிடுங்கள்.

லாஸ்பேட்டை_தேவ்:
அதை யோசிக்கவே இல்லை, சேர்த்துவிட்டேன். ஆனால் பாஸ்போர்ட் பெட்டிக்குப் பக்கத்தில், கட்டாயம் என்று காட்டும் சிவப்பு நட்சத்திரம் வரவில்லை.

வில்லியனூர்_பைத்தான்:
கட்டாயமா இல்லையா என்று குறிக்கும் ரிக்வயர்ட் ஃபிளாக், ஃபீல்டு உருவாகும்போதே முடிவாகிவிடும், பிறகு வேலிடேட்டரை மாற்றினால் அது மாறாது. ஃபிளாக்கைத் தனியாக ட்ரூ ஆக்குங்கள். ஆனால் அது பக்கம் சர்வரிலிருந்து வரும்போதுதான் உதவும். குடியுரிமையை மாற்றியதும் நட்சத்திரம் தெரிய வேண்டுமானால் ஜாவாஸ்கிரிப்ட்தான்.