ஹைட்ராலிக் லிஃப்டர்: ஜீரோ கேப்புக்கு மேல அரைச் சுற்றா, முழுச் சுற்றா?

மரையாணி:
ஸ்மால் பிளாக் செவி வி8 (செவர்லேவோட எட்டு சிலிண்டர் இன்ஜின்). ஸ்டட்டில் (ஹெட்டுல நிக்கிற மரைக் கம்பி) உட்காரும் தகட்டு ராக்கர் (வால்வை அமுக்குற நெம்புகோல்), விகிதம் 1.5. ஸ்டட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ரெண்டு ஹெட்டும் 0.5 மி.மீ. ஃபேசிங் ஆச்சு (அடிப்பக்கத்தைச் சீவினது). கேமும் (வால்வைத் திறக்க வைக்கிற மேடுள்ள தண்டு) அது மேல ஓடுற ஃபிளாட் லிஃப்டர் 16-ம் புதுசு. புஷ் ராடும் (லிஃப்டருக்கும் ராக்கருக்கும் நடுவுல நிக்கிற குழல் கம்பி) ராக்கரும் பழசு, கழட்டின இடத்துலயே போட்டது. ஜீரோ கேப் (புஷ் ராடோட ஆட்டம் நிக்கிற இடம்) பிடிச்சு ராக்கர் நட்டை அரைச் சுற்று இறக்கியிருக்கு. இப்போ இடது பக்கம் மட்டும் டேப்பட் சத்தம் (வால்வு பக்கத் தட்டல்). சூடானா குறையுது, முழுசா போகல. இன்னும் அரைச் சுற்று இறக்கலாமா, இல்ல புஷ் ராட் நீளத்தை மாத்தணுமா?

ஸ்பேனர்செட்:
தாராளமா இறக்குங்க. இந்த இன்ஜினுக்குக் கம்பெனி மேனுவலே ஜீரோவுக்கு மேல ஒரு முழுச் சுற்றுன்னுதான் சொல்லிச்சு. கால் சுற்று, அரைச் சுற்று எல்லாம் அதிக ஆர்பிஎம்-ல லிஃப்டர் பம்ப்-அப் ஆகி (எண்ணெய் அதிகமா ஏறி நீண்டு) வால்வைத் தூக்கிப் பிடிக்கக் கூடாதுன்னு ரேஸ்காரங்க கொண்டுவந்த பழக்கம். அரைச் சுற்றுங்கறது வெறும் அரை மில்லி. ஹெட் ஃபேசிங் பத்தியும் கவலை வேண்டாம், அந்த அரை மில்லியை நட்டே சரிக்கட்டிடும். எல்எஸ் (செவியோட பிற்கால வி8) மாதிரி போல்ட்டை டார்க் வச்சு முறுக்கி முடிக்கிற ராக்கரா இருந்தாத்தான் புது நீளம் பார்க்கணும்.

மைக்ரோமீட்டர்:
அந்த "அரை மில்லி" கணக்கு தவறு. நட் அரைச் சுற்றில் 0.53 மி.மீ. இறங்கும், சரி. ஆனால் அது இறக்குவது ராக்கரின் நடு அச்சை. வால்வு முனை ஸ்பிரிங் பலத்தில் அசையாமல் நிற்கிறது. அதனால் புஷ் ராட் பக்கம் கூடுதலாக இறங்கும். 1.5 விகிதத்தில் அது 1.67 மடங்கு. அரைச் சுற்றுக்கு பிளஞ்சர் (லிஃப்டருக்குள் எண்ணெய் மேல் நிற்கும் குட்டி பிஸ்டன்) அமுங்குவது 0.88 மி.மீ., முழுச் சுற்றுக்கு 1.76 மி.மீ. பிளஞ்சரின் மொத்த ஓட்டம் பல லிஃப்டர்களில் 4–5 மி.மீ. அளவுதான். ஆக, முழுச் சுற்று பிளஞ்சரை ஏறக்குறைய நடுவில் உட்கார வைக்கிறது. மேனுவல் சொல்வதன் காரணமே அதுதான், அதை நான் மறுக்கவில்லை.

என் சந்தேகம் வேறு: அந்த ஜீரோ உண்மையிலேயே ஜீரோவா? புது லிஃப்டரில் எண்ணெய் நிரம்பியிருக்காது, பிளஞ்சர் விரல் பலத்துக்கே அமுங்கும். புஷ் ராடை விரலால் உருட்டிக்கொண்டே நட்டை இறக்கி, "இறுகுது" என்று நிறுத்தும்போது பிளஞ்சர் ஏற்கனவே பாதி போயிருக்கலாம். உருட்டாதீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். அந்த மெல்லிய "டக்" எங்கே நிற்கிறதோ, அதுதான் ஜீரோ.

ஸ்பேனர்செட்:
கணக்கை ஒத்துக்கறேன். ஜீரோ பிடிக்கிறதுதான் கஷ்டம்னா அதுக்கு வழி இன்ஜினை ஓட விட்டுப் பண்றது. நல்லா சூடாக்கி, கவரைக் கழட்டி, ஐடில்ல விடுங்க. ஒரு நட்டை லூஸ் பண்ணினா தட்ட ஆரம்பிக்கும். மெதுவா இறக்குங்க, சத்தம் நிக்கிற இடம் ஜீரோ. அப்புறம் கால் சுற்று, 10 செகண்ட் பொறுமை, இன்னொரு கால். இப்படி நாலு தடவை. அவசரப்பட்டு ஒரேயடியா இறக்கினா பிளஞ்சர் எண்ணெயைக் கசியவிட நேரம் கிடைக்காம வால்வு திறந்தே நிக்கும், இன்ஜின் தடுமாறும், பிஸ்டன்ல இடிக்கவும் வாய்ப்பு இருக்கு. இந்த முறையில லிஃப்டர் முழுக்க எண்ணெய், நிஜ ஓட்டம், நிஜ சூடு. கையால தடவிப் பார்க்கிறதை விட காது சரியாச் சொல்லும்.

மைக்ரோமீட்டர்:
ஒரு லிஃப்டர் மட்டும் தட்டினால் காது சொல்லும். 16-ல் நாலு தட்டினால் எது நின்றது என்று எப்படித் தெரியும்? ராக்கர் தெறிக்கும் எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்து தீப்பிடிக்கும் அபாயம் வேறு. தெறிப்பைத் தடுக்கும் கிளிப் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

இன்ஜின் நின்ற நிலையில் ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அதே சிலிண்டரின் இன்டேக்கை வையுங்கள். இன்டேக் முழுக்கத் திறந்து, மூடி முடிக்கப் போகும் இடத்தில் எக்ஸாஸ்டை வையுங்கள். அப்போது வைக்கும் லிஃப்டர் கேமின் மேடு இல்லாத வட்டப் பகுதியில்தான் நிற்கும். முடித்ததும் அரை மணி நேரம் விட்டுவிட்டுக் கிராங்க் செய்யுங்கள்.

ஸ்பேனர்செட்:
இதுக்கு 16 தடவை கிராங்கைச் சுத்தணும். ரெண்டு நிலை போதும். 1-ம் சிலிண்டர் கம்ப்ரஷன் டிடிசி-ல (ரெண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில நிக்கிறப்போ) எக்ஸாஸ்ட் 1, 3, 4, 8, இன்டேக் 1, 2, 5, 7. கிராங்கை ஒரு முழுச் சுற்று சுத்தி எக்ஸாஸ்ட் 2, 5, 6, 7, இன்டேக் 3, 4, 6, 8. முடிஞ்சது.

மைக்ரோமீட்டர்:
ஒரிஜினல் கேமுக்கு முடிந்தது. இவர் போட்டிருப்பது புதுக் கேம். வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம் என்றால், அந்தப் பட்டியலில் உள்ள சில லிஃப்டர்கள் ஏற்கனவே ஏற்றத்தில் கால் வைத்திருக்கும். அங்கே பிடித்த ஜீரோ பொய். பிறகு வட்டப் பகுதிக்கு வரும்போது அது கேப்பாகத் திறந்து தட்டும்.

ஃபேசிங்கும் பொருட்டே இல்லை என்று விட முடியாது. பிளஞ்சர் அமுங்கும் அளவை நட் சரிசெய்யும், ராக்கர் வால்வின் தலையில் எங்கே உட்காருகிறது என்பதைச் சரிசெய்யாது. வால்வு முனையில் மார்க்கர் மை பூசி, கையால் இரண்டு சுற்று சுற்றி, ராக்கரை எடுத்துப் பாருங்கள். மை தேய்ந்த கோடு குறுகலாக, நடுவை ஒட்டி இருந்தால் பழைய புஷ் ராடே போதும். ஸ்டட் பக்கம் ஒதுங்கினால் ராட் குட்டை, எதிர்ப்பக்கம் ஒதுங்கினால் நீளம்.

ஸ்பேனர்செட்:
மை பூசிப் பார்க்கறது நல்லதுதான். ஆனா அரை மில்லிக்கு அந்தக் கோடு விளிம்புக்குப் போகாது, பாருங்க.

எண்ணெய்வழி:
ரெண்டு பேரும் நட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். சத்தம் ஒரு பக்கம் மட்டும், சூடானால் குறைகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவும் அச்சு அசலாக இப்படித்தான் தட்டும், ஏனென்றால் இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைக்கும். அதுவும் வால்வு தட்டுவதும் ஒரே தாளத்தில் வருவதால் காதால் பிரிப்பது கடினம். அந்தப் பக்கத்து ஸ்பார்க் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழட்டுங்கள் (கழட்டிய ஒயரை எர்த் பண்ணிவிடுங்கள்). அந்தச் சிலிண்டர் எரியாதபோது சத்தம் அமுங்கினால் கசிவு. மாறாமல் தட்டினால் ராக்கர் பக்கம் பாருங்கள். மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் கறுப்புக் கரி படிந்திருந்தாலும் கசிவுதான்.

கசிவு இல்லையென்றால் எந்த ராக்கரில் எண்ணெய் குறைவு என்று பாருங்கள். இந்த இன்ஜினில் ராக்கருக்கு எண்ணெய் வரும் ஒரே வழி புஷ் ராடின் உள்துளை.

மரையாணி:
ஒயரைக் கழட்டினாலும் சத்தம் மாறல. கவரைத் திறந்தா, 5-ம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் ராக்கர் மட்டும் காய்ஞ்சு கிடக்கு. அந்த ராக்கர் ஆடுற பால் (அரைக்கோள இரும்பு) நீலம் பூத்திருக்கு, ராக்கர் குழியில கீறல். ராடை வெளிச்சத்துல பிடிச்சா மத்ததுல எல்லாம் ஒரு புள்ளி வெளிச்சம் தெரியுது, இதுல இல்ல.

எண்ணெய்வழி:
கிடைத்துவிட்டது. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிய துகளோ சிலிக்கானோ உள்ளே போயிருக்கும். நீலம் என்றால் அந்த பால் சூட்டில் வெந்துவிட்டது, திரும்பப் போடாதீர்கள். பாலும் ராக்கரும் ஜோடியாகத்தான் மாறவேண்டும். பழைய குழியில் புது பால் போட்டால் விளிம்பில் மட்டும் தொட்டு மறுபடி வேகும். அந்த ராடையும் மாற்றுங்கள். மீதி 15-ஐயும் கம்பி விட்டுக் குத்தி, சால்வென்ட் ஊற்றி, காற்றடியுங்கள். கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள், 0.1 மி.மீ. ஃபீலர் தகடு அடியில் நுழைந்தால் வளைந்திருக்கிறது.

மைக்ரோமீட்டர்:
ஒரு ராடை மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து நீளம் அளந்து பாருங்கள். அந்த லிஃப்டரையும் எடுத்துப் பாருங்கள், துகள் பிளஞ்சர் வால்வில் சிக்கியிருக்கலாம். புது பாலுக்கு மாலிப்டினம் கிரீஸ் தடவாமல் போடாதீர்கள்.

ஸ்பேனர்செட்:
எல்லாம் மாட்டினதும் உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா எண்ணெய் பம்ப்பை டிரில்லால சுத்துங்க. யாராவது ஒருத்தர் கிராங்கை மெதுவா ரெண்டு சுற்று சுத்தட்டும். 16 ராக்கர்லயும் எண்ணெய் ஊறி வழியறதைக் கண்ணால பார்த்த பிறகு கவரை மூடுங்க. நட் விஷயத்துல மட்டும் என் வாக்கு முழுச் சுற்றுதான்.

மைக்ரோமீட்டர்:
லிஃப்டர் தயாரித்தவர் தந்த தாளில் அரை என்று இருந்தால் அரை.