புதுப்பிப்பு: மாமாவின் வாயில் வெள்ளைப் படலம்

கொட்டாஞ்சேனை மாமாவின் கன்னத்து உட்புறத்தில் வெள்ளைப் படலம், அது புற்றுநோயா என்று அறிய எச்சில் பரிசோதனை போதுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். போதாது. கொழும்பு வோட் பிளேஸ் பல் வைத்தியசாலையில் பரிசோதிக்கச் சதைத்துண்டு (பயொப்சி) எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை.

எச்சிலில் தேடுவது புற்றணுக்கள் உதிர்க்கும் மரபணுத் துணுக்குகளையும், இன்டர்லியூகின்-8 போன்ற புரதங்களையும். ஊசியில்லை, வலியில்லை, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் ஈறு நோயிலும் அந்தப் புரதம் கூடலாம். வெற்றிலை போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு ஈறு நன்றாக இருக்கிறது? அதனால் உறுதிசெய்ய பயொப்சிதான்.

அப்புறம், புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும். டொக்டர் சொல்லும்வரை மாமா நம்பவேயில்லை.

முந்தைய பதிவில் தனக்கு வாய் திறக்கச் சிரமம் என்று எழுதிய அண்ணா, எச்சில் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் நேரே போய்க் காட்டுங்கள்.