ஹட்டனிலிருந்து இந்தியாவுக்குக் கல்விச் சுற்றுலா: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி:
உயர்தர வகுப்பு வரலாற்று மாணவர் 32 பேர், ஆசிரியர் 4 பேர். விடுமுறையில் 7 நாள். தஞ்சாவூர், சென்னை, மாமல்லபுரம், ஊட்டி எல்லாம் பார்க்க முடியுமா? பாதிப் பிள்ளைகளிடம் பாஸ்போர்ட் இல்லை.

பதில் 1:
இடங்களை அப்புறம் பார்ப்போம் மிஸ், முதலில் பெயர்களைப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இடறுவது அங்கேதான். பிறப்புச் சான்றிதழில் அப்பா ‘சுப்பிரமணியம்’, அடையாள அட்டையில் ‘சுப்ரமணி’. இதைத் திருத்த பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும், மாதங்கள் போகும். இன்றே 32 சான்றிதழையும் அடையாள அட்டைகளையும் வாங்கி வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட்டுக்கு பத்தரமுல்லை தலைமை அலுவலகம் வரை போக வேண்டாம், கண்டி அலுவலகம் போதும்.

இந்திய இ-விசாவுக்குப் படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில். பாஸ்போர்ட் பக்கம் பிடிஎப், 300 கேபிக்குள். போனில் எடுத்த படம் பல எம்பி இருக்கும், ஏறாது. பாஸ்போர்ட் இலக்கத்தில் ஒரு எழுத்து பிழைத்தாலும் விசா செல்லாது, கட்டணமும் திரும்பாது. ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்கட்டும்.

பதில் 2:
சென்னையையும் மாமல்லபுரத்தையும் வெட்டுங்கள். கொழும்பிலிருந்து திருச்சிக்குப் பறந்தால் தஞ்சாவூர் 60 கிலோமீற்றருக்குள். 1010இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயிலுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். கல்வெட்டு பார்க்கக் காலை வெயில் சாய்வாக விழும் நேரம் நல்லது.

மீதி நாள் நீலகிரிக்கு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்து போன தோட்டத் தமிழரைக் குடியமர்த்தத்தான் அங்கே ‘டேன்டீ’ எனும் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. நம் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான வரலாற்றுப் பாடம் வேறில்லை. தேயிலைத் தொழிற்சாலை பார்க்க முன்கூட்டியே கடிதம் அனுப்புங்கள். பஸ்ஸுக்கு நீலகிரி இ-பாஸ் (வாகன நுழைவு அனுமதி) எடுக்கச் சாரதியிடம் சொல்லிவிடுங்கள். மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து 36 இருக்கை ஒன்றாகக் கிடைப்பது அரிது. குன்னூரிலிருந்து ஊட்டி வரை போங்கள். பற்சக்கரத் தண்டவாளம் கல்லாறு முதல் குன்னூர் வரைதான். அதைக் குன்னூர் நிலையத்தில் ரயில் ஏறும் முன் பார்க்கலாம்.

கேட்டவர்:
தங்க சத்திரம் கிடைக்குமா?

பதில் 3:
மலிவு லாட்ஜ், சத்திரம் பலவற்றில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றதும் கையை விரிப்பார்கள். தங்கும் வெளிநாட்டவர் விவரத்தை விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும், ‘சி படிவம்’ என்பார்கள். நாம் தமிழ் பேசுவதால் இலங்கையர் என்று முதலில் தெரியாது, இரவு பத்து மணிக்கு வாசலில் தெரியவரும். முற்பணம் கட்டும் முன்னே, “சி படிவம் போடுவீங்களா?” என்று கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பாஸ்போர்ட், விசா பிரதி மூன்று கையில் வையுங்கள்.